திரைக்குக் கீழே தெரிந்த கால்

அந்தக் காலத்தில் காட்டில் இருந்த எல்லா உயிர்களுக்கும் பேச்சு இருந்தது. பேச்சு இருந்ததால் கூத்தும் இருந்தது. இலுப்பைப் பூ உதிரும் மாதத்தில் பெரிய பாறைமேல் ஆட்டம் வைப்பார்கள். அன்றைக்கு மட்டும் யாரும் யாரையும் தின்னக் கூடாது. மான் புலிக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு, "கொஞ்சம் தலையைக் குனி, மறைக்குது" என்று சொல்லும். புலியும் குனியும். அப்படியும் ஒரு காலம் இருந்தது.

யானைதான் கூத்து வாத்தியார். வசனமும் அடவும் சொல்லிக் கொடுப்பது அவர்தான். மரங்கொத்தி மத்தளம். தவளைகள் பின்பாட்டு. மைனா கட்டியங்காரன், நடுவில் புகுந்து கேள்வி கேட்டுச் சிரிக்க வைப்பது அவன் வேலை. அரக்கி வேஷம் என்றால் கரடி கருத்தாயிதான். அவள் காலைத் தூக்கி வைத்தால் பாறை அதிரும்.

அப்போதெல்லாம் திரை கிடையாது. எல்லோர் கண்ணெதிரே உட்கார்ந்துதான் முகத்துக்கு அரிதாரம் பூசுவார்கள்.

அந்த வருஷம் கருத்தாயிக்குப் பிள்ளை பிறந்திருந்தது. பெயர் சுண்டு. எந்நேரமும் அம்மா முதுகிலேயே கிடக்கும். ஒத்திகை அன்று கருத்தாயி காவிக்கல்லை இழைத்து முகமெல்லாம் பூசி, கண்ணைச் சுற்றிக் கரி தீட்டினாள். முதுகில் தூங்கி எழுந்த சுண்டு எட்டிப் பார்த்தது. அம்மா முகம் இருந்த இடத்தில் வேறு முகம்! வீலென்று கத்திக் கீழே குதித்து, ஓடிப் போய்ப் புற்றுக்குள் தலையை விட்டுக்கொண்டது.

கருத்தாயி ஓடையில் முகத்தைக் கழுவிவிட்டு வந்து கூப்பிட்டாள்.

"நீ அம்மா இல்ல. எங்கம்மாவைத் தின்னுட்டு வந்திருக்க" என்றது சுண்டு.

பசி தாங்காமல் பொழுது சாயத்தான் வந்தது. வந்தும் கண்ணை மூடிக்கொண்டுதான் பால் குடித்தது. முதுகில் ஏறவில்லை.

மறுநாள் கருத்தாயி வாத்தியாரிடம் போய் நின்றாள்.

"வாத்தியாரே, நான் ஆடலைங்க."

"நீ ஆடாட்டி அரக்கி யாரு? முயலுக்கா வேஷம் கட்டுறது?"

"ஆட்டம்னா எனக்கும் உசுருதாங்க. ஆனா இன்னொரு தரம் பிள்ளை அப்படிப் பயந்துச்சுன்னா, என் முதுகுல ஏறவே ஏறாதுங்க."

மேலே கிளையில் இருந்த தையல்சிட்டு சொன்னது: "அக்கா, தேக்கிலையைத் தைச்சு மறைப்பு ஒண்ணு தரேன். அதுக்குப் பின்னால வேஷம் கட்டிக்கோ. நீதான்னு பிள்ளைக்குத் தெரியாது. யாரோ அரக்கின்னு நினைச்சுக்கும்."

இரண்டு குரங்குகள் அதைப் பிடிப்பதாக ஏற்பாடு. சிட்டு ராப்பகலாகத் தைத்தது. ஆட்டத்தன்று குரங்குகள் எழுந்து நின்று பிடித்தால், கீழே ஒரு முழம் குறைகிறது!

"ஏண்டி, உட்கார்ந்திருந்த குரங்குக்கா அளவெடுத்த?" என்று மைனா கேட்க, பாறையே சிரித்தது. சிட்டு தலையைச் சிறகுக்குள் ஒளித்துக்கொண்டது. மறுபடி தைக்க நேரம் ஏது? மத்தளம் தொடங்கிவிட்டது.

"திரைக்குப் பின்னால யாரது? ஊர் என்ன, பேர் என்ன?" என்று கட்டியங்காரன் கேட்டான்.

கருத்தாயி இப்போது அரக்கியாக உறும வேண்டும். வாயைத் திறந்தாள். அதற்குள், பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்த மானின் மடியிலிருந்து சுண்டுவின் அழுகை: "எல்லாரும் இருக்காங்க, எங்கம்மாவை மட்டும் காணோம்!"

உறுமினால் பிள்ளை நடுங்கிப் போகும். சும்மா நின்றால் கூத்து கெட்டுப் போகும். கருத்தாயி, சுண்டுவைத் தூங்க வைக்கிற அதே குரலில் மெல்லப் பாடினாள்:

"சுண்டுவைப் பெத்தவ வந்தேனே,
அரக்கி வேஷம் கட்டி வந்தேனே..."

தவளைகள் ஒன்றையொன்று பார்த்து முழித்தன. வேறு வழியில்லாமல் அவையும் திருப்பிப் பாடின. வாத்தியாரின் காது விறைத்து நின்றது.

சுண்டு அழுகையை நிறுத்தியது. திரைக்குக் கீழே பார்த்தது. உள்பக்கம் வளைந்த இரண்டு பாதம், மண்வெட்டி மாதிரி நகம்.

"அது எங்கம்மா கால்!"

சுண்டு ஓடி வந்த வேகத்தில் குரங்குகள் திரையை நழுவவிட்டன. எதிரே சிவப்பு முகம், கரிய கண். கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டது. சுண்டு அண்ணாந்து பார்த்தது. காலைப் பிடித்து ஏறி, அந்தக் கன்னத்தைத் தொட்டது. கையில் காவி ஒட்டியது.

"மூஞ்சியில என்னம்மா பூசியிருக்க?" என்று கேட்டுவிட்டு முதுகில் ஏறிப் படுத்துக்கொண்டது. அன்றைக்கு அரக்கி முதுகில் பிள்ளையோடுதான் ஆடினாள். அப்படி ஓர் ஆட்டத்தை அந்தப் பாறை அதற்கு முன் பார்த்ததில்லை.

ஆட்டம் முடிந்ததும் சிட்டு தயங்கித் தயங்கி வந்தது. "வாத்தியாரே, கீழே இன்னொரு வரிசை இலை வைச்சுத் தைச்சிடட்டுமா?"

"வேண்டாம்மா. காலும் குரலும் முதல்ல வரட்டும், மூஞ்சி அப்புறம் வரட்டும். கூட்டத்துல யாரு பிள்ளை உட்கார்ந்திருக்கோ" என்றார் யானை.

பிறகு எப்படியோ காட்டில் பேச்சு நின்று போயிற்று. இலுப்பைப் பூ இப்போதும் உதிர்கிறது. புலிக்குப் பின்னால் வந்து உட்காரத்தான் மான் இல்லை. கூத்து மட்டும் மனுஷர் கைக்கு வந்து சேர்ந்தது, அந்தக் குட்டைத் திரையோடு.

அன்று முதல்தான் எந்த வேஷம் வந்தாலும் இரண்டு பேர் முன்னால் திரை பிடிக்கிறார்கள்; வந்தவர் கீழே காலைக் காட்டி, இன்னார் வந்தேன் என்று பாடிச் சொல்லிவிட்டு, அதற்குப் பிறகே முகம் காட்டுகிறார்.