பாதி வழியில் நின்ற மழை

பிச்சாண்டி பட்டாளத்தில் சேர்ந்து, பயிற்சியெல்லாம் முடித்து, முதல் லீவில் ஊருக்கு வந்து இறங்கினான். மறுநாள் காலையிலேயே அவன் அம்மா ஒரு டின் கேழ்வரகை எடுத்து முன்னால் வைத்தாள். "நாட்டைக் காப்பாத்தினது போதும், இதை அரைச்சிக்கினு வா."

வேறு ஒருவனாக இருந்தால் முகத்தைச் சுளித்திருப்பான். பிச்சாண்டி உள்ளே போய் யூனிஃபாரம் மாட்டிக்கொண்டான். பெல்ட்டை இறுக்கினான், தொப்பியைச் சாய்த்து வைத்தான், டின்னைத் தோளில் தூக்கிக்கொண்டு கிளம்பினான். அவன் ஊரான மேல்சாத்தம்பாடியில் மாவு மில் ஒன்றே ஒன்றுதான். அதன் சொந்தக்காரர் ஏகாம்பரம், ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர், பிச்சாண்டிக்கு மாமா முறை. மில்லை ஓட்டுவது அவர் மகள் கோமளா.

அந்தக் கோமளாவைப் பார்க்க வெள்ளிக்கிழமை ஆரணியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள், பையனுக்கு பேங்கில் உத்தியோகம் என்று முந்தின நாள் சோறு போடும்போது அம்மா சொல்லியிருந்தாள். அதற்கப்புறம் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. கோமளாவிடம் சொல்லவேண்டிய வார்த்தை ஒன்று பள்ளிக்கூட நாளிலிருந்தே அவன் தொண்டையில் குந்திக்கொண்டிருந்தது. பிச்சாண்டியின் வாய் அப்படிப்பட்டது. உள்ளதைச் சொல்லச் சொன்னால் ஒட்டிக்கொள்ளும். இல்லாததைச் சொல்வதில் அவனை அடித்துக்கொள்ள அந்தத் தாலுகாவிலேயே ஆள் கிடையாது.

அவன் மில்லுக்குள் காலை வைத்தான், கரண்டு போனது.

"நல்ல ராசிக்காரன்டா நீ!" என்றாள் சரசா. அவள் மிளகாய் அரைக்க வந்தவள், ஊரில் யாருடைய பேச்சுக்கும் குறுக்கே பேசாமல் இருந்ததில்லை. அவளுக்குப் பக்கத்தில் டிராக்டர் ஓட்டும் தசரதன் அரிசி மூட்டையின் மேலேயே உட்கார்ந்திருந்தான். தராசுக்குப் பின்னால் ஏகாம்பரம் பேப்பரை விரித்துப் பிடித்திருந்தார், முகம் தெரியவில்லை. கோமளா புருவத்தில் அப்பியிருந்த மாவை முந்தானையால் துடைத்துவிட்டு, மிஷின் ஓரமாக ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள்.

"இன்னா மாப்ளே, எப்படிப் போய்ச் சேர்ந்தே?" என்று தசரதன் ஆரம்பித்து வைத்தான். "திருவண்ணாமலைக்கே துணையில்லாம போகமாட்டியே நீ."

பிச்சாண்டி டின்னை இறக்கி வைத்து அதன் பக்கத்தில் குந்தினான். கோமளாவை ஓரக்கண்ணால் பார்த்தான். தொண்டையில் இருந்த வார்த்தை அசையவில்லை. மற்றதெல்லாம் வந்தது.

"அத ஏன் கேக்கறே! காட்பாடியில ரயிலு ஏறினேன் பாரு, கூட்டம்னா கூட்டம், நாகப்பூர் வர்ற வரைக்கும் என் காலு தரையில படல. அப்படியே அந்தரத்துல நின்னுக்கினு போறேன். நடுவுல தலை அரிச்சுது. கையைத் தூக்கி சொறியறேன், சொறியறேன், அரிப்பு நிக்கவே இல்ல. பார்த்தா, அது வேற ஒருத்தன் தலை!"

"அந்த ஆளு சும்மாவா இருந்தான்?" என்றாள் சரசா.

"கண்ணை மூடிக்கினு, இன்னும் கொஞ்சம் கீழன்னு சைகை காட்டறான்."

தசரதன் தொடையைத் தட்டிச் சிரித்தான். கோமளா சிரிக்கவில்லை. உண்மையில் பிச்சாண்டி பாதி தூரம் வரைக்கும் கக்கூஸ் கதவோரம் டிரங்குப் பெட்டியைக் கட்டிப்பிடித்தபடி நின்றான். அப்புறம் பாஷை தெரியாத ஒரு கிழவனும் கிழவியும் நகர்ந்து உட்கார்ந்து, கையகல இடம் கொடுத்து, பூரியும் ஊறுகாயும் கொடுத்தார்கள். அதைச் சொல்லியிருக்கலாம். அது அவனுக்குக் கதையாகவே தோன்றவில்லை.

"ரயிலை வுடு," என்றான் தசரதன். "அந்த டிரெயினிங் சென்டரு பெருசா?"

"பெருசாவா? கேட்டுல நுழைஞ்சதும் மொட்டை அடிச்சாங்க. நாங்க தங்கற பேரக்கு எங்கன்னு கேட்டேன். நேராப் போன்னாங்க. நடந்தேன், நடந்தேன், நடந்துக்கினே இருந்தேன். பேரக்கு வாசல்ல போய் நின்னா, அங்க இருந்தவன் என்னைப் பார்த்துட்டு, அம்மா, பொம்பளைங்களுக்கு இங்க வேலை இல்லம்மான்றான். முடி இடுப்பு வரைக்கும் வளர்ந்து கெடக்குது!"

பேப்பர் ஒரு விரற்கடை கீழே இறங்கியது. ஏகாம்பரத்தின் கண்ணாடி மட்டும் தெரிந்தது. "நடுவுல சாப்பாடு?"

"வழியில ஒரு மாமரம் மாமா. நான் அதைப் பார்க்கும்போது பூ வுட்டுக்கினு இருந்துது. கிட்டப் போறதுக்குள்ள பழுத்துடுச்சு. அதைத்தான் தின்னேன்."

பேப்பர் மறுபடி மேலே போனது.

பெரிய இடம் என்பதில் மட்டும் பொய்யில்லை. அங்கே போய்ச் சேர்ந்த இரண்டாம் நாளே பிச்சாண்டி வழி தவறினான். பேரக்குகள் எல்லாம் ஒரே மாதிரி, கட்டில்கள் ஒரே மாதிரி, மொட்டைத் தலைகளும் ஒரே மாதிரி. யாருடைய கட்டிலிலோ படுத்துத் தூங்கிப்போனான். பயிற்சி கொடுக்கும் உஸ்தாத் காலரைப் பிடித்து எழுப்பி, டிரங்குப் பெட்டியைத் தலையில் வைத்து மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டார். ஓடும்போது திட்டியதில் ஒரு வார்த்தையும் அவனுக்குப் புரியவில்லை. புரியாதது நல்லதாகப் போயிற்று.

"பூட்ஸு குடுத்தாங்களா?" என்றாள் சரசா, அவன் காலைப் பார்த்து.

"குடுத்தாங்க அக்கா. என் காலுக்கு ஏத்தது இல்லன்னு இருந்ததுலயே பெருசைக் குடுத்துட்டாங்க. பின்னால திரும்புன்னு உஸ்தாத் கத்தினாரு. நான் திரும்பிட்டேன். பூட்ஸு திரும்பல."

"ஐயையோ!"

"இரு, இன்னும் இருக்குது. முன்னால நடன்னாரு. நான் ஒரு பக்கம் நடக்கறேன், பூட்ஸு ஒரு பக்கம் நடக்குது. அது நல்லா நடந்துதுன்னு அதுக்கு சபாஷ் சொன்னாரு. எனக்கு ஒண்ணும் சொல்லல."

இப்போது பேப்பர் மடிக்கே இறங்கி வந்துவிட்டது. ஏகாம்பரம் கண்ணாடியைக் கழற்றி மூக்கைத் தேய்த்தார். அவர் பல வருஷம் பட்டாளத்தில் இருந்தவர். பூட்ஸைப் பற்றி அவரிடம் புளுகுவது, மீன்காரியிடம் போய் மீனைப் பற்றிப் புளுகுவதுபோல. அது பிச்சாண்டிக்கும் தெரியும். ஆனாலும் வண்டி பள்ளத்தில் இறங்கியாயிற்று. பிரேக் இல்லை.

"சாப்பாடு எப்படி?" என்று அவரே கேட்டார். குரலில் கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை.

"சப்பாத்தி மாமா. காலையில சப்பாத்தி, ராத்திரியும் சப்பாத்தி. கடிச்சா பல்லுதான் போவும். அதனால அதை ஃபயரிங் ரேஞ்சுக்கு எடுத்துக்கினு போய் டார்கெட்டா நட்டு வெச்சுட்டாங்க. என்னைச் சுடச் சொன்னாங்க. குறி பார்த்தேன். சுட்டேன். குண்டு நேராப் போய் சப்பாத்தி நடுவுல பட்டுது..."

"ஓட்டை வுழுந்துதா?" என்றாள் சரசா.

"எங்க வுழும்? பட்டுது, திரும்பிச்சு, வந்த வழியே வந்து துப்பாக்கிக்குள்ள போய் உக்காந்துக்குச்சு. மறுபடி சுட்டேன். மறுபடி வந்துடுச்சு. அன்னைக்கு பிளாட்டூன் மொத்தமும் அந்த ஒரு குண்டுலதான் மாத்தி மாத்தி சுட்டோம். சர்க்காருக்கு எவ்வளவு மிச்சம் பாரு!"

"அந்தச் சப்பாத்தியை அப்புறம் இன்னா பண்ணீங்க?" என்றான் தசரதன்.

"ராத்திரி அதையேதான் போட்டாங்க."

சரசா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினாள். ஏகாம்பரம் பேப்பரை மடித்து, நீவி, தராசுத் தட்டில் வைத்தார். "மேல சொல்லு," என்றார்.

மேலே சொல்லு என்று மாமா சொன்னது மிரட்டலா, ஆசையா என்று பிச்சாண்டிக்குத் தெரியவில்லை. கோமளா அவனையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. பேங்குக்காரன் நெளியாத தலைமுடியோடும் மடிப்புக் கலையாத சட்டையோடும் பிச்சாண்டியின் மனசுக்குள் வந்து நின்றான். பிச்சாண்டி எழுந்து நின்றுவிட்டான்.

"ஒரு நாளு மழை. ஊத்து ஊத்துன்னு ஊத்துது. அன்னைக்கு எங்க பசங்கள்ல ஒருத்தன் ஆர்டர் குடுக்கணும். உஸ்தாத் என்னைக் கூப்பிட்டாரு. பிச்சாண்டி, உன் குரலைத்தான் நம்பி இருக்கறேன்னாரு. நான் முன்னால போய் நின்னேன். மூச்சை இழுத்தேன். பக்கத்துல நின்னவன் தொப்பி என் மூக்குக்கு வந்துடுச்சு. சாவ்தான்னு ஒரு சத்தம் வுட்டேன் பாரு! அட்டென்ஷன்னு அர்த்தம் அக்கா. பசங்க விறைச்சு நின்னாங்க. அந்தப் பக்கம் போன எருமை விறைச்சு நின்னுடுச்சு. ரயிலு நின்னுடுச்சு. மழையும் நின்னுடுச்சு."

"மழை வுட்டுடுச்சா?" என்றான் தசரதன்.

"வுட்டுடுச்சுன்னு எங்க சொன்னேன்? நின்னுடுச்சு. பாதி வழியில. அந்தத் துளி துளியா அப்படியே தொங்கிக்கினு நிக்குது. நாங்க குனிஞ்சு, நெளிஞ்சு, நடுவுல புகுந்து போய் டீ குடிச்சுட்டு வந்தோம்."

"டீக்குத் தண்ணி?" என்றார் ஏகாம்பரம்.

"எதுக்கு மாமா குழாய்க்குப் போவணும்? கையை நீட்டி வேணுங்கறதைப் பறிச்சுப் போட்டுக்கினோம். திரும்பி வந்து, போதும், லேசா நில்லுங்கன்னு நான் ஆர்டர் குடுத்தப்புறம்தான் அது கீழ வுழுந்துது. உஸ்தாத் கோவிச்சுக்கினாரு. மழையை நிக்க வெக்கறதுக்கு மேலிடத்துல கேக்கணுமாம்."

மழை பெய்தது உண்மை. ஆர்டர் கொடுக்கக் கூப்பிட்டதும் உண்மை. வாயைத் திறந்தான், காற்றுதான் வந்தது. உஸ்தாத் அவனை ஒரு வேப்பமரத்துக்கு முன்னால் நிறுத்தி, மரம் கேட்கும்வரை கத்து என்று விட்டுப் போனார். அவன் நனைந்துகொண்டே கத்தினான். மரம் விறைப்பாகத்தான் நின்றது. அது முளைத்த நாளிலிருந்தே அப்படித்தான் நின்றுகொண்டிருந்தது.

அவ்வளவு பெரிய பொய்க்கு எந்தப் பக்கத்திலிருந்து கையை வைப்பது என்று தெரியாமல் தசரதன் தலையைச் சொறிந்தான். அப்போது கோமளா முதல் தடவையாக வாயைத் திறந்தாள்.

"அங்க உனக்கு அழுகை வந்துச்சா?"

பிச்சாண்டி திரும்பினான். வந்தது. கம்பளியை இழுத்து மூடிக்கொண்டு, பக்கத்துக் கட்டிலுக்குக் கேட்காமல் வாயைப் பொத்திக்கொண்டு அழுதிருக்கிறான். அடுத்த கட்டிலிலும் கம்பளி குலுங்கியது. ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். வாய் கேட்டால்தானே?

"அழுகையா? மொத நாளு ஆரம்பிச்சுது பாரு! கம்பளி நனைஞ்சுது, கட்டிலு நனைஞ்சுது, விடிஞ்சு பார்த்தா பேரக்குக்குள்ள டிரங்குப் பெட்டிங்க மிதந்துக்கினு போவுது. கதவைத் தொறந்து வுட்டாங்க. வெளிய வறண்டு கெடந்த ஏரி நெறஞ்சு மதகுல வழியுது. அந்த ஊரு விவசாயிங்க வந்து என் கையைப் பிடிச்சுக்கினு, தம்பி, அடுத்த போகத்துக்கும் கொஞ்சம் அழுதுட்டுப் போங்கன்னாங்க."

"யாரை நெனச்சுடா அப்படி அழுதே?" என்றாள் சரசா.

பிச்சாண்டி கோமளாவைப் பார்த்தான். கேழ்வரகு டின்னைப் பார்த்தான். "பொதுவாத்தான் அக்கா," என்றான்.

கோமளா ஸ்டூலை விட்டு எழுந்தாள். "ஏரி நெறையற அளவுக்கு அழத் தெரிஞ்சவனுக்கு ஒரு போன் பண்ணத் தெரியலையா?"

பிச்சாண்டியின் முகத்தில் இருந்த பட்டாளம் அப்படியே இறங்கிப் போனது. "போனை வாங்கி வெச்சுக்குவாங்க கோமளா."

"ஞாயித்துக்கிழமை குடுப்பாங்க. அப்பாவைக் கேட்டேன்."

ஏகாம்பரம் மகளை ஒரு பார்வை பார்த்தார். வெறும் பேச்சுக்குக் கேட்கிறாள் என்றுதான் அன்றைக்கு அவர் நினைத்திருந்தார்.

பிச்சாண்டி தொப்பியைக் கழற்றினான். தொண்டையில் இருந்தது மெல்ல நகர்ந்தது. "பண்ணேன்," என்றான். "ஒரு ஞாயித்துக்கிழமை வுடாம பண்ணேன். போர்டுல எழுதியிருக்குதே, மில்லு நம்பர், அதுக்குத்தான். நீ எடுப்பேன்னு பண்ணேன். மாமா எடுத்தாரு. எனக்குப் பேச வரல."

இதற்குச் சரசாகூடக் குறுக்கே பேசவில்லை.

கோமளா அப்பாவிடம் கையை நீட்டினாள். "அந்தப் போன் இனிமே என்கிட்ட இருக்கட்டும்பா."

ஏகாம்பரம் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார். கொடுக்கவும் இல்லை, திருப்பி வைக்கவும் இல்லை. "வெள்ளிக்கிழமை வர்றவங்களுக்கு இன்னா சொல்றது?"

"வர வேணாம்னு சொல்லு." மிளகாய்க்கு முன்னால் கேழ்வரகு அரைக்கிறேன் என்பதுபோலச் சாதாரணமாகச் சொன்னாள். காது மட்டும் சிவந்திருந்தது. போனை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு மிஷினுக்கு அந்தப் பக்கம் போய்விட்டாள்.

ஏகாம்பரம் மறுபடி பேப்பரை எடுத்தார். விரித்தார். இரண்டு வரி படித்திருப்பார். படாரென்று எழுந்ததில் தராசுத் தட்டு கீழே விழுந்தது.

"டேய்! ஞாயித்துக்கிழமைக்கு ஞாயித்துக்கிழமை போன் பண்ணி, பேசாம மூச்சு மட்டும் வுட்டுக்கினு இருந்தது நீதானா?"

"ஆமா மாமா."

"எவனோ வடக்கத்திக்காரன் ஏமாத்தப் பார்க்கறான்னு இந்தியில கண்டபடி திட்டினேனேடா! ஆத்தா அப்பன்லாம் இழுத்துத் திட்டினேனே!"

"கேட்டேன் மாமா," என்றான் பிச்சாண்டி. "எனக்குத் தெரிஞ்ச இந்தி பூரா அதுதான்."