பூனையின் மறுப்பு

"அம்மா, வெள்ளிக்கிழமை நான் பேசப் போவதில்லை" என்றார் வாகீசர்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர். மடத்துச் சபையில் அவருடைய முதல் சொற்பொழிவு அது. குரு பூங்கோதையம்மைக்கோ அவர் மகள் வயதுதான்.

"ஏன் ஐயா?"

"உங்கள் பூனை என்னை மறுக்கிறது."

வெள்ளைச்சி, அம்மையின் மடியில் உட்கார்ந்தே பாடம் கேட்டு வளர்ந்த பூனை. வாகீசர் ஒத்திகை பார்க்கும்போதெல்லாம் எதிரே வந்து அமரும். தலையை உதறும்.

"எந்த இடத்துல உதறுது?"

"உலகம் மெய் என்றேன். உதறியது. பொய் என்று மாற்றிப் பார்த்தேன். அதற்கும் உதறியது. இரண்டுமல்ல என்றும் சொல்லிவிட்டேன். பின்னங்காலால் காதைப் பிறாண்டிக்கொண்டது. செவியால் கேட்கத் தகாதது என்று பொருள் கொண்டேன்."

"விளக்கம் நல்லாத்தான் இருக்கு. காதுக்குள்ள பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. எந்த உரையாசிரியரும் அப்படியொரு வழி சொன்னதில்லை.

அம்மை பூனையின் காதை மடித்தார். உள்ளே காப்பித்தூள் போலக் கறுப்பு அழுக்கு. நாற்றம் வேறு. பஞ்சால் கொஞ்சம் தொட்டு எடுத்து, வாகீசரின் கறுப்புக் குடைமேல் தட்டினார்.

வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தன.

ஒன்று நகர்ந்தது.

வாகீசர் குடையைக் கீழே போட்டார்.

"காதுப் பூச்சி. எப்பலேருந்து உதறுது?"

"ஆடியிலிருந்து. காது போய்விடுமா, அம்மா?"

"இனியும் பொருள் சொல்லிக்கிட்டிருந்தா போயிடும். மாட்டு டாக்டர்கிட்ட ஓடுங்க."

ஓடினார். சொட்டு மருந்து கிடைத்தது. தினமும் பூனையைத் துண்டில் சுற்றிப் பிடித்து, மருந்து விட்டு, காதின் அடியைத் தேய்த்துவிட்டார். கையெல்லாம் நகக்கீறல். உதறல் குறைந்தது. அது மறுக்குமோ என்ற அவர் பயம் குறையவில்லை.

வியாழக்கிழமை காலை ஒத்திகை முடிந்ததும் மூச்சிரைக்க வந்தார்.

"அம்மா! வெள்ளைச்சி அசையவே இல்லை. நாளைக்குப் பேசுகிறேன். மருந்தை நிறுத்திவிடலாமா?"

"பூச்சி முட்டை மிச்சம் இருந்தா பொரிக்குமே. டாக்டர் சொன்ன நாள் வரைக்கும் விடுங்க. சமையல்கட்டுப் பூனைக்கும் விடுறீங்கதானே? ரெண்டும் ஒரே சாக்குலதான் படுக்குதுங்க."

"சாம்பலனுக்கா?" வாகீசர் சிரித்தார், பல நாளைக்குப் பிறகு. "அவனுக்கு ஒன்றுமில்லை அம்மா. முதலிலிருந்தே நான் சொன்னதையெல்லாம் ஒப்புக்கொண்டவன். ஒரு தடவைகூடத் தலையை உதறியதில்லை."

அம்மை எழுந்துபோய்ச் சாம்பலனைத் தூக்கிவந்து அவர் மடியில் வைத்தார்.

அது சுகமாகக் கண்ணை மூடிக்கொண்டது.

வாகீசர் அதன் காதை மடித்தார்.

உள்ளே கன்னங்கரேலென்று இருந்தது.