நாலு அடி சலுகை

தவமணி அம்மாவுக்கு ஆசிரமம் கிடையாது, காவியும் கிடையாது. மலைமேல் கோல்ஃப் மைதானத்தின் வேலியை ஒட்டி ஒரு ஓட்டு வீடு, அதைச் சுற்றி அரை ஏக்கர் கேரட், புடவைக்கு மேல் பழைய ஸ்வெட்டர், அவ்வளவுதான். வயது நாற்பத்து நாலு. அவரைக் குரு என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்குத் தலை நரைத்துவிட்டது. சென்னியப்பனும் அப்படி வருகிறவர்தான்.

சென்னியப்பன் கோயம்புத்தூரில் மோட்டார் பம்பு செய்து விற்பவர். அறுபத்திரண்டு வயது. எட்டு வருஷத்துக்கு முன்னால் அவர் அடித்த பந்து வேலி தாண்டி இந்தக் கேரட் பாத்தியில் விழுந்தது. எடுக்க வந்தவர் ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்துவிட்டு, பந்தை எடுக்காமலே போனார். அன்றிலிருந்து மனசில் எது உறுத்தினாலும் காரை எடுத்துக்கொண்டு மலையேறிவிடுவார்.

இந்த வெள்ளிக்கிழமை காலையில் வந்தபோது அவர் கையில் ஒரு தாள் இருந்தது. இரண்டு பக்கமும் டைப் அடித்து, லேமினேஷன் போட்டிருந்தார். மழையில் நனைந்தாலும் சட்டம் அழியக் கூடாது அல்லவா, மனுஷனுக்கு அத்தனை கவலை.

"என்னங்க இது?" என்றார் அம்மா.

"விதிமுறைங்க. நாளைக்கும் நாளன்னிக்கும் ஆடறமுங்க. மொத்தம் இருபத்திமூணு. எதாச்சும் விட்டுப்போச்சான்னு நீங்க ஒரு தடவ பாத்துச் சொல்லோணும்."

அம்மா குழாயில் கையைக் கழுவி, முந்தானையில் துடைத்துக்கொண்டு, கவிழ்த்துப் போட்ட கேரட் பெட்டியின் மேல் உட்கார்ந்தார். முதல் விதியிலிருந்து கடைசி விதிவரை படித்தார். ஆடுகிறவர் ஒவ்வொருவரும் இ.சி.ஜி. எடுத்துக் காட்ட வேண்டும். யாரும் யாருடைய பையையும் சுமக்கக் கூடாது. மேட்டில் ஏறும்போது இரண்டு நிமிஷம் நிற்க வேண்டும். பந்தயம் ஒரு தட்டு மிளகாய் பஜ்ஜிக்கு மேல் போகக் கூடாது. உடம்பு சரியில்லை என்று விளையாட்டுக்குக்கூடச் சொல்லக் கூடாது.

"யாரு யாரு ஆடறீங்க?"

"காதர் மொய்தீன், சடகோபன், நானுங்க."

"மூணு பேருக்கு இருபத்திமூணா?"

போன வருஷம்வரை நாலு பேர். விதி என்று எழுதி வைத்தது ஒன்றுகூட இல்லை.

நாலு பேரும் ஒரே காலேஜில் படித்தவர்கள். இருபது வருஷமாகப் பிப்ரவரி மாதத்தில் ஒரு சனி, ஞாயிறு இங்கே வந்து ஆடுவார்கள். கோல்ஃபில் குறைந்த அடியில் பந்தைக் குழியில் தள்ளுகிறவர்தான் கெட்டிக்காரர். சுமாராக ஆடுகிறவருக்கு இரண்டோ நாலோ அடியைக் கழித்துவிட்டு ஆட்டத்தைச் சரிசமமாக்குவார்கள். அதுதான் சலுகை. யாருக்கு எத்தனை என்பதற்கு முறையான கணக்கு உண்டு. இந்த நாலு பேரும் அந்தக் கணக்கைத் தூக்கிப் பரண்மேல் போட்டுவிட்டு, தாங்களே ஒரு கோர்ட் வைத்துக்கொண்டார்கள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோர்ட் கூடும். சென்னியப்பன்தான் ஜட்ஜ். குளியல் துண்டைத் தோளில் அங்கி மாதிரிப் போட்டுக்கொள்வார். மற்றவர்கள் ஒவ்வொருவராக எழுந்து தன் வியாதியைச் சொல்லி அடி கேட்க வேண்டும். காதர் மொய்தீனுக்கு முட்டி தேய்ந்திருக்கும். சடகோபனுக்குக் கண்ணில் புரை விழுந்திருக்கும். பாளையங்கோட்டைக்காரர் ஞானமுத்துதான் இதில் மன்னன். கல்லடைப்பு, முதுகெலும்பு நழுவியது என்று வருஷத்துக்கு ஒன்று கொண்டுவருவார். ஒரு வருஷம் காதுக்குள் கரப்பான் குடும்பம் நடத்துகிறது என்றார். பொய் எவ்வளவு பெரிசோ அவ்வளவு சிரிப்பு, அதற்குத் தகுந்த சலுகை.

பந்தயத்தில் காசு பணம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை பதினைந்தாவது குழியோடு அடியை எண்ணுவார்கள். பை தூக்கும் ஆட்களை அனுப்பிவிடுவார்கள். கடைசியாக வந்தவர் மீதி மூன்று குழிக்கும் நாலு பேருடைய பையையும் தனியாகச் சுமக்க வேண்டும். மற்ற மூன்று பேரும் கையை வீசிக்கொண்டு கேலி பேசியபடி முன்னால் போவார்கள்.

போன வருஷம் ஞானமுத்து சுமந்தார். பதினேழாவது குழியின் மேட்டில் விழுந்தார். திரும்பிப் பார்த்து ஓடிவந்தபோது நாலு பையும் அவர்மேல் கிடந்தன. நெஞ்சு மூன்று நாலு நாளாகவே சொல்லிக்கொண்டிருந்திருக்கும் என்று டாக்டர் சொன்னார்.

இதெல்லாம் அம்மாவுக்குத் தெரியும். சென்னியப்பன் ஒரு வருஷமாக வந்து வந்து சொல்லி அழுத கதை.

"மத்தியானம் ரோஸ்லினும் வர்றாங்க" என்றார் சென்னியப்பன்.

ரோஸ்லின் ஞானமுத்துவின் மனைவி.

"எதுக்கு?"

"அவன் விழுந்த எடத்தப் பாக்கோணுமாம். மூணு மணிக்கு வந்துருவாங்க. மறுபடியும் அதையேதான் கேப்பாங்க. எனக்கு நேத்திலிருந்து சோறு எறங்கலீங்க."

"என்ன கேப்பாங்க?"

"உங்க யாருகிட்டயாவது அவரு சொன்னாரா அண்ணேன்னு."

"நீங்க என்ன சொல்லியிருக்கீங்க?"

"இல்லம்மான்னு சொல்லியிருக்கறனுங்க. சிரிச்சுப் பேசிட்டே பந்த அடிச்சான், அப்படியே போயிட்டான்னு. மூணு பேரும் பேசி வெச்சுக்கிட்டமுங்க."

அம்மா தாளைத் திருப்பி மடியில் வைத்துக்கொண்டார். "அவங்க நம்பிட்டாங்களா?"

"நம்பிட்டாங்க. அதுதானுங்க பெரிய கொடும." சென்னியப்பனின் குரல் இறங்கியது. "ஒரு வருஷமா கல்லறைக்கு ஒரு பூ வெக்கலீங்க. முப்பத்தாறு வருஷம் கூடக் குடும்பம் நடத்துனவகிட்ட நெஞ்சு வலிக்குதுன்னு ஒரு வார்த்த சொல்லலையே, ஊர்ல ஒரு ஆள்கிட்டயாவது வாயத் தொறந்திருந்தா பொழச்சிருப்பாரேன்னு அவன்மேல அப்படி ஒரு கோவம். அவன் போட்டோவத் திருப்பி வெச்சிருக்கறாங்க."

காற்று கேரட் இலைகளை ஒரு பக்கமாகச் சாய்த்தது. மைதானத்தில் யாரோ புல்வெட்டும் மெஷினை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் ஓய்ந்தது.

"ஆனா அவரு சொன்னாரு" என்றார் அம்மா.

"கோர்ட்ல சொன்னானுங்க. நெஞ்சுல கைய வெச்சுட்டு, நெஞ்ச அடைக்குது சாமி, நாலு அடி குடுங்கன்னு நின்னான். நாங்க விழுந்து விழுந்து சிரிச்சம். இருபது வருஷமாப் பொய் சொன்ன வாய், அதே வாய்ல நெசத்தச் சொன்னா எப்படீங்க தெரியும்? நான் அதத்தான் உங்ககிட்டக் கேக்க வந்தனுங்க. வெளையாட்டு எது, நெசம் எதுன்னு ஒரு மனுஷன் எப்படிக் கண்டுபிடிக்கறது?"

அம்மா பெட்டியிலிருந்து எழுந்தார். கொடியில் காய்ந்துகொண்டிருந்த துண்டை எடுத்துவந்து சென்னியப்பனின் தோளில் போட்டார்.

"உக்காருங்க. கோர்ட்ட நடத்துங்க."

"அம்மா, வேண்டாமுங்க."

"நடத்துங்க. நான்தான் ஞானமுத்து."

சென்னியப்பன் பெட்டியின் மேல் உட்கார்ந்தார். எட்டு வருஷத்தில் அம்மா சொல்லி அவர் செய்யாதது எதுவும் இல்லை. அம்மா இரண்டடி தள்ளி நின்று மார்பில் கையை வைத்துக்கொண்டார்.

"நாலு அடி வேணும்."

"காரணம்?" என்றார் சென்னியப்பன்.

"நெஞ்ச அடைக்குது."

"அம்மா..."

"அன்னிக்கு என்ன சொன்னீங்களோ அதச் சொல்லுங்க."

சென்னியப்பன் தலையைக் குனிந்துகொண்டார். "வெள்ளிக்கெழம ஆனாத்தான் உனக்கு நெஞ்சு இருக்கறதே ஞாபகத்துக்கு வருது. மனு தள்ளுபடி."

போன வருஷம் இதற்குச் சடகோபன் தரையில் உருண்டு சிரித்தார். இப்போது சிரிக்க யாரும் இல்லை. அம்மா நகரவில்லை. மார்பில் வைத்த கையையும் எடுக்கவில்லை.

"நெஞ்ச அடைக்குது" என்றார் மறுபடியும், அதே குரலில்.

சென்னியப்பன் நிமிர்ந்து பார்த்தார். அவர் முகம் வெளிறிப்போயிற்று. தோளிலிருந்த துண்டை இழுத்து மடியில் கசக்கினார். பிறகு அவரை அறியாமலே அழுகை வந்துவிட்டது.

"அவன் ரெண்டாவது தடவையும் கேட்டானுங்க" என்றார் சென்னியப்பன்.

"எங்க?"

"பதினஞ்சாவது குழியில. அடிய எண்ணி முடிச்சாச்சு. என்னவிட மூணு அடி அதிகம், அவன்தான் கடைசி. காதரும் சடகோபனும் முன்னால போயிட்டாங்க. இவன் பையத் தோள்ல மாட்டிட்டு நின்னான். சென்னி, அந்த நாலு அடிய இப்பக் குடுல, நெசமாத்தான் சொல்லுதேன், முடியலன்னான். மெதுவாச் சொன்னான். அவங்களுக்குக் கேக்கல."

"இத அவங்க ரெண்டு பேருகிட்டயும் சொன்னீங்களா?"

"யாருகிட்டயும் சொல்லலீங்க. உங்ககிட்டக்கூட."

"அந்தக் குரல்ல வெளையாட்டு இருந்துச்சா?"

"இல்லீங்க."

"அப்ப உங்களுக்கு அன்னிக்கே தெரிஞ்சிருக்கு."

"தெரிஞ்சுதுங்க."

ஒரு வருஷமாக வேறு எதையெதையோ சொல்லி அழுத மனுஷன், இதை மட்டும் வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு நடமாடியிருக்கிறார். பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"தெரிஞ்சும் என்ன சொன்னீங்க?"

"தீர்ப்பு சொன்னது சொன்னதுதான், தூக்குடான்னனுங்க."

"ஏன்?"

"நாலக் குடுத்தா ஒரு அடியில நான் கடைசியாயிருவனுங்க. அதுக்கு முந்தின ரெண்டு வருஷமும் நான்தான் செமந்தன். மூணாவது வருஷமும் அவனுங்க கேலி பண்ணுவானுங்களேன்னு... அவ்வளவுதானுங்க அம்மா. வேற ஒண்ணும் இல்லீங்க. அவ்வளவு சின்ன விஷயத்துக்காக."

அம்மா அவரைத் தேற்றவில்லை. முதுகைத் தட்டவும் இல்லை. உள்ளே போய் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். சென்னியப்பன் பாதியைச் சட்டையில் கொட்டிக்கொண்டு குடித்தார்.

அம்மா லேமினேஷன் தாளை எடுத்தார். "இதுல விட்டுப்போச்சான்னு கேட்டீங்க."

"ஆமாங்க."

"இதுல எந்த விதி இருந்திருந்தா அன்னிக்கு நீங்க நாலு அடி குடுத்திருப்பீங்க?"

சென்னியப்பன் தாளை வாங்கிப் பார்த்தார். ஒன்று, இரண்டு என்று விரல் வைத்துக் கீழே இறங்கினார். பன்னிரண்டுக்கு மேல் விரல் போகவில்லை. தாளைப் பக்கத்துப் பாத்தியின் வரப்பில் வைத்துவிட்டார்.

கீழே மலைப்பாதையில் ஏதோ ஒரு கார் வளைவில் ஹாரன் அடித்தது. அவர் திடுக்கிட்டு மணியைப் பார்த்தார். பன்னிரண்டுகூட ஆகவில்லை. ரோஸ்லின் வர இன்னும் நேரம் இருந்தது. இருந்தும் என்ன, வராமலா போகப் போகிறார்.

"நான் என்னங்க பண்ணட்டும்?"

அம்மா பாத்தியில் இறங்கிக் களை பிடுங்க ஆரம்பித்தார்.

"கோர்ட்ல சொன்னத மட்டும் சொல்லிரட்டுமா? வெளையாட்டுன்னு நெனச்சு விட்டுட்டம்னு? அதுல மூணு பேருக்கும் பங்கு இருக்குது."

அம்மா களையைப் பிடுங்கிக்கொண்டே இருந்தார்.

"முழுசும் சொன்னா அந்த அம்மா தாங்காதுங்க. சர்க்கரை இருக்குது, பிரஷர் இருக்குது. இத்தன வருஷம் அண்ணேன்னு கூப்பிட்ட வாயி. எம் மூஞ்சியில காறித் துப்புனாக்கூடப் பரவால்லீங்க, அதுக்கு எதாச்சும் ஆயிருச்சுன்னா? எனக்காக இல்லீங்க. சத்தியமாச் சொல்றன், ரோஸ்லினுக்காகத்தான் மறச்சு வெச்சிருக்கறன். அதுக்கு நான் பண்றது ஒரு ஒத்தாச மாதிரித்தானுங்க."

அம்மா நிமிர்ந்தார். கையில் மண்ணோடு களை இருந்தது.

"அவங்க உங்ககிட்டச் சலுகை கேட்டாங்களா?"

"இல்லீங்க. அவன் சொன்னானா இல்லையான்னுதான் கேட்டாங்க."

"கேட்டவருக்கு நீங்க குடுக்கல" என்றார் அம்மா. "கேக்காதவங்களுக்கு எதுக்குக் குடுக்கறீங்க?"