குளத்தைக் குடித்தது யார்?

கிரேக்க நாட்டின் கடற்கரையை ஒட்டிய ஒரு குன்றில், ஆலிவ் மரங்களுக்கு நடுவே ஒரு குளம் இருந்தது. பெருந்தொண்டை என்ற தவளைதான் அதற்குத் தலைவர். கோடை தொடங்கும் சமயத்தில் சாம்பலி என்ற கழுதை அங்கே வந்து சேர்ந்தது.

சாம்பலி பட்டணத்துக் கழுதை. அதன் எசமானர் ஓர் அறிஞர். அதைச் சந்தைத் தூணில் கட்டிவிட்டு, நண்பர்களோடு நாள் முழுக்க வாதாடுவார். மேகத்துக்குள் மாட்டிய காற்று வெடிப்பதுதான் இடி என்பார் ஒருவர். இல்லை, ஈர மேகத்தில் நெருப்பு அணைகிற சத்தம் என்பார் மற்றொருவர். பூமி தண்ணீர்மேல் கட்டைபோல மிதக்கிறது, அதனால்தான் நடுங்குகிறது என்பார் இன்னொருவர். யார் சொன்னது சரி என்று சாம்பலிக்குக் கடைசிவரை விளங்கவில்லை. வயதானதும் எசமானர் அதை அவிழ்த்துவிட்டார்.

வெயில் ஏற ஏறக் குளத்தில் தண்ணீர் குறைந்தது. பக்கத்துக் காட்டில் ஒரு நரி இருந்தது. மழை தரும் வானத்து ராசாவான வானராசனின் மனசு தனக்கு மட்டுமே தெரியும் என்று சொல்லி, குளத்துக் கொக்கிடம் தினமும் இரண்டு மீன் வாங்கித் தின்றுவந்தது.

"இந்தக் கழுதை வந்த பிறகுதானே தண்ணீர் குறைகிறது? வானராசனுக்குக் கோபம். இதை விரட்டுங்கள்" என்றது நரி.

"நாளைப் பொழுது சாய்வதற்குள் நீ கிளம்பிவிடு" என்றது பெருந்தொண்டை.

சுற்றுவட்டாரத்தில் வேறு தண்ணீரே கிடையாது. போதாக்குறைக்கு, நாமேதான் அவ்வளவையும் குடித்துவிட்டோமோ என்று சாம்பலிக்கே சந்தேகம் வந்துவிட்டது.

யோசித்துவிட்டு அது சொன்னது: "தலைவரே, போகிறேன். அதற்கு முன் ஒன்று பார்த்துவிடலாம். கரைப் பாறையில் ஒரே அளவில் ஆழமில்லாத இரண்டு குழிகள் இருக்கின்றன. காலையில் இரண்டையும் நிரப்புங்கள். ஒன்றைப் பலகைக்கல்லால் மூடுங்கள். எல்லாரும் காவல் இருங்கள். நான் எட்டவே நிற்கிறேன்."

மறுநாள் அப்படியே செய்தார்கள். குளத்தின் மூத்த ஆமை பாறைமேல் உட்கார்ந்து கண்ணை எடுக்காமல் பார்த்தது. ஓர் ஈகூட வாய் வைக்கவில்லை. ஆனால் சாயங்காலம் திறந்த குழி வறண்டு கிடந்தது. மூடிய குழியில் தண்ணீர் அப்படியே இருந்தது.

"வானராசன் குடித்திருப்பார்" என்றது நரி அவசரமாக.

"இருக்கலாம், நரியண்ணே. ஆனால் வெயில் படுகிற குழியில் மட்டும் ஏன் குடித்தார்?" என்றது சாம்பலி.

நரி மெல்லப் பின்னால் நகர்ந்தது.

"அப்படியானால் தண்ணீர் எங்கே போகிறது?" என்று கேட்டது பெருந்தொண்டை.

"மேலே போய் மேகமாகிறது என்று பட்டணத்தில் ஒருவர் சொல்வார். எனக்குத் தெரியாது. மழை வந்தால் திரும்பி வருகிறதா என்று பார்ப்போம். இப்போதைக்கு வெயிலை மறைத்தால் கொஞ்சமாவது மிஞ்சும்."

ஆமை மெல்லச் சொன்னது: "ஒவ்வொரு கோடையிலும் குளம் வற்றத்தான் செய்கிறது. போன வருசம் வாத்தை விரட்டினோம். அதற்கு முந்தின வருசம் முள்ளெலியை."

"இதை ஏன் முன்னாலேயே சொல்லவில்லை?" என்று கேட்டது பெருந்தொண்டை.

"யார் என்னைக் கேட்டீர்கள்?"

பெருந்தொண்டை சாம்பலியிடம் மன்னிப்புக் கேட்டது. எல்லாரும் சேர்ந்து குளத்தின் ஒரு மூலையில் கிளைகளையும் நாணலையும் பரப்பி நிழல் போட்டார்கள். மூலையில் மட்டும் தண்ணீர் நின்றது. நரிக்குக் கொக்கு தந்துவந்த மீன் நின்றுபோனது. அது தானே மீன் பிடிக்க இறங்கி, நாலு நாள் நனைந்ததுதான் மிச்சம்.

கொக்கு பறந்து போய் வாத்தையும் முள்ளெலியையும் தேடிக் கண்டுபிடித்தது. முள்ளெலி உடனே வந்துவிட்டது. வாத்து மட்டும், "தலைவரே நேரில் வந்து கூப்பிடட்டும்" என்று சொல்லிவிட்டது. பெருந்தொண்டை மூன்று நாள் தத்தித் தத்திப் போய்க் கூப்பிட்டது. தவளையும் வாத்தும் திரும்பி வரும் வழியில்தான் முதல் மழை பிடித்துக்கொண்டது.

காரணம் தெரியாதபோது பழி போட ஆளைத் தேடாமல், காரணத்தையே தேடிப் பார்க்க வேண்டும்.