மீதி வரும் வகுத்தல்

அன்று பள்ளியில் இருந்தவர்கள் மொத்தம் முப்பது பேர். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் இருபத்தேழு. பாடம் எடுக்க வேண்டிய வேதாசலம் ஒருவர். அவருக்குப் பாடம் எடுக்கக் கற்றுக்கொடுத்த குழலி டீச்சர் ஒருவர். எடுப்பதைப் பார்த்துக் குறிப்பெழுத வந்த பார்வையாளர் ஒருவர்.

வேதாசலத்துக்கு வயது நாற்பத்து நாலு. டீச்சருக்கு முப்பத்தெட்டு. பதினோரு வருடம் பள்ளியின் சாமான் அறைச் சாவியை வைத்திருந்தவர், மூன்று வருடமாக டீச்சரிடம் சீடராக இருந்தார். பார்வையாளரின் குறிப்பு நன்றாக வந்தால் வகுப்பு அவருக்கு. இல்லாவிட்டால் மறுபடியும் சாவிதான்.

“வந்தவருக்கு எந்த விளையாட்டு வச்சுப் பாடம் எடுத்தா பிடிக்கும், டீச்சர்?”

“நீங்க எதை வச்சிருக்கீங்க?”

“விசில் ஊதி ‘நாலு’ம்பேன். நாலு நாலு பேரா ஓடிப்போய்ச் சேருவாங்க. நாலு நாள் ஒத்திகை பார்த்தாச்சு.”

“இருபத்தேழு பேர் எப்படி நாலு நாலா நிப்பாங்க?”

வேதாசலம் குரலைத் தாழ்த்தினார். “ஒத்திகையில தினமும் அதே மூணு பேர்தான் மீந்து நின்னாங்க. பேச்சியப்பன், தெரசா, சிட்டு. கொஞ்சம் மந்தம். மொச்சை உரிங்கடான்னு சமையற்கட்டுக்கு அனுப்பிட்டேன்.”

“பாடம் என்ன?”

“மீதி வரும் வகுத்தல்.”

டீச்சர் சமையற்கட்டுப் பக்கம் நடந்தார்.

“டீச்சர், உங்களுக்கும் நாற்காலி போட்டிருக்கேன்!”

“இருக்கட்டும்.”

பாடம் தொடங்கியது. விசில் ஊதியதும் ஆறு குழு, ஒரு தள்ளுமுள்ளு இல்லாமல் நின்றது. குழுவுக்குப் பத்தொன்பது புளியங்கொட்டை. ஆளுக்கு நாலு எடுத்தார்கள். மீதி மூன்று. ஆறு குழுவும் ஒரே குரலில் சொன்னது. பார்வையாளரின் பேனா ஓடியது. வேதாசலத்துக்கு வேர்வை அடங்கியது.

பார்வையாளர் முன்வரிசைப் பெண்ணைப் பார்த்தார். “உன் பேர் என்னம்மா?”

“செம்மலர், சார்.”

“மீதின்னா என்ன?”

ஒத்திகையில் இந்தக் கேள்வி இல்லை. செம்மலர் கொஞ்சம் யோசித்தாள்.

“மொச்சை உரிக்கப் போறவங்க, சார்.”

பேனா நின்றது.

வேதாசலம் சமையற்கட்டுக்கு ஓடினார். அங்கே முறத்தைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். நாலாவது ஆள் டீச்சர். பேச்சியப்பன் அவரை அதட்டிக்கொண்டிருந்தான். “டீச்சர், நீங்க ரொம்ப மெதுவு. நான் எட்டு உரிச்சா நீங்க அஞ்சுதான் உரிக்கிறீங்க. மூணு கம்மி.”

“டீச்சர்! அங்கே மானம் போகுது. நீங்க இங்கே உட்கார்ந்து என்ன பண்றீங்க?”

டீச்சர் இன்னொரு காயை எடுத்தார்.

“நாலு பேர் குழுன்னு நீங்கதானே சொன்னீங்க. இங்கே மூணு பேர்தான் இருந்தாங்க.”

வேதாசலம் முறத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, மூன்று பேரையும் கூட்டிக்கொண்டு வகுப்புக்கு வந்தார். தரையில் உட்கார்ந்தார். மூவரும் அவரைச் சுற்றி உட்கார்ந்தார்கள். பார்வையாளரின் நாற்காலிப் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

“இந்தக் காயை நம்ம நாலு பேரும் சமமாப் பங்கு போடணும். எப்படி, தெரசா?”

“முதல்ல எண்ணணும், சார்.”

“எண்ணு.”

தெரசா எண்ணத் தொடங்கினாள். நடுவில் விட்டுப்போய் மறுபடி முதலிலிருந்து எண்ணினாள். வேதாசலம் காத்திருந்தார். வகுப்பும் காத்திருந்தது.

பார்வையாளர் எழுதியிருந்ததைக் கோடு போட்டு அடித்தார்.

“நாளைக்கும் இவங்களுக்கு நீங்கதானே எடுப்பீங்க?” என்றார் வேதாசலத்திடம். பதிலுக்கு நிற்காமல் செம்மலர் பக்கம் திரும்பினார். “இப்போ சொல்லு. இந்தப் பள்ளிக்கூடத்துல எத்தனை குழு? மீதி எத்தனை பேர்?”

செம்மலர் எழுந்து நின்று, விரல் நீட்டி ஒவ்வொருவராக எண்ணினாள். சன்னல் வழியாகச் சமையற்கட்டையும் எட்டிப் பார்த்தாள்.

“ஏழு குழு, சார். மீதி, நீங்களும் டீச்சரும்.”

வேதாசலம் திருத்தவில்லை. கணக்கு சரி. மீதி இரண்டு.