சென்னைக்குப் போன மைல்கல்

திருச்சிக்கு வடக்கே, நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு மைல்கல் நின்றது. அதன் நெஞ்சில் கறுப்பு மையில் ‘சென்னை 300’ என்று எழுதியிருந்தது.

ஓர் ஆயுதபூஜை அன்று சாலைப் பணியாளர்கள் அதைக் கழுவி, சந்தனமும் குங்குமமும் வைத்து, மாலை போட்டுச் சூடம் காட்டினார்கள். அன்றோடு அதற்குத் தலை கனத்துவிட்டது.

“அந்த ஊர்ப் பெயரை வெயிலிலும் மழையிலும் சுமக்கிறேன். சும்மா விடுவார்களா? ஒருநாள் சென்னைக்கு அழைத்துப் போய் மேடை கட்டி நிறுத்துவார்கள்,” என்றது பக்கத்து மதகிடம்.

“மண்வெட்டிக்கும்தான் மாலை போட்டார்கள்,” என்றது மதகு. “மறுநாளே அது சாக்கடை அள்ளப் போய்விட்டது.”

சாலையை அகலப்படுத்த வந்த பொக்லைன், மைல்கல்லைப் பிடுங்கி ஓரமாகப் போட்டது. அந்தப் பக்கம் காரை நிறுத்திய ஒருவர் அதைத் தட்டிப் பார்த்தார்.

“நம்ம ஓட்டல் வாசலுக்கு அம்சமா இருக்கும். மெட்ராசுக்கு லாரியில ஏத்திவிடுப்பா,” என்றார் மேஸ்திரியிடம்.

“கேட்டாயா?” என்றது மைல்கல் மதகிடம்.

ஓட்டல் வாசலில் உண்மையிலேயே மேடை கட்டியிருந்தார்கள். அதில் ஏற்கெனவே ஓர் ஆட்டுக்கல், குழியில் மண்ணும் பூச்செடியுமாக உட்கார்ந்திருந்தது. மைல்கல் அதன் பக்கத்தில் நெஞ்சை நிமிர்த்தி நின்றது.

பெயின்டர் கன்னியப்பன் வந்தார். “மொதலாளி, சென்னைக்குள்ளயே நின்னுக்கினு ‘சென்னை 300’னு சொன்னா, வர்றவன் சிரிக்க மாட்டானா?”

“அழிச்சுடுப்பா. நம்மது கிராமத்துச் சமையல். அதுக்கேத்த மாதிரி எழுது.”

தின்னர் நனைத்த துணி நெஞ்சில் பட்டதும் கல்லுக்கும் வியர்த்தது. அத்தனை காலம் சுமந்த பெயர் கறுப்பாக ஒழுகித் தரையில் சொட்டியது. இந்த ஊருக்கு வந்து சேர்ந்தால் அந்த எழுத்துக்கு வேலை இருக்காது என்பது அதற்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

“என்ன எழுதுகிறார்? படித்துச் சொல்லேன்,” என்று ஆட்டுக்கல்லிடம் கெஞ்சியது.

ஆட்டுக்கல் தயங்கியது. “‘கிராமம் 0 கி.மீ.’ என்று எழுதுகிறார்.”

மைல்கல்லுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

“முந்நூறு கிலோமீட்டர் வந்திருக்கிறேன்,” என்றது. “நெஞ்சைப் பார்த்தால், இன்னும் லாரியே ஏறவில்லை.”