இழுப்பது யார்

“எம் பொண்டாட்டி இழுத்துக்கிட்டுக் கெடக்கான்னு டாக்டர் சொல்லிட்டாரு, டீச்சர்.”

வகுப்பு வாசலில் செருப்புகூட இல்லாமல் நின்றார் மந்திரமூர்த்தி.

சுற்றுலா வேன் ஓட்டுகிறவர். வயது ஐம்பத்தொன்று. வேனில் ஏறும் வெளிநாட்டுக்காரர்களிடம் நாலு வார்த்தை பேச ஆசைப்பட்டு ஜெபக்கனியிடம் ஆங்கிலம் படிக்க வந்தார். அவளுக்கு இருபத்தாறு. எந்தச் சொல்லுக்கும் அவள் நேராக அர்த்தம் சொன்னதில்லை. கேள்விதான் கேட்பாள்.

அவர் மனைவி வேலம்மாளைக் கட்டுவிரியன் கடித்து மூன்று நாள். விஷமுறிவு மருந்து ஏற்றியாகிவிட்டது. மூச்சு மட்டும் மெஷினில்.

“வீட்டுக்குக் கொண்டுபோயிருவோம்னு அவ தம்பி சொல்லுதான். நான் கையெழுத்துப் போட்டா மெஷினை எடுத்துருவாங்க.”

“போட்டுட்டீங்களா?”

“கை வரல.”

“டாக்டர் தமிழ்லயா சொன்னாரு?”

“அவரு வடக்க உள்ளவரு. நர்ஸம்மாகிட்ட இங்கிலீஷ்ல சொன்னாரு. ‘ஷீ வில் புல் த்ரூ.’ புல்னா இழு. த்ரூன்னா கடைசிவரைக்கும்...”



ஜெபக்கனி அந்த வாக்கியத்தைக் கரும்பலகையில் எழுதினாள். சாக்பீஸை அவரிடம் நீட்டினாள்.

“எழுவாய் எதுன்னு கோடு போடுங்க.”

“இப்பவா டீச்சர் இலக்கணம்?”

“போடுங்க, அண்ணாச்சி.”

முதல் சொல்லுக்குக் கீழே கோடு போட்டார்.

“யாரு அது?”

“வேலம்மா.”

“எமன் இதுல எங்க இருக்கான்?”

நாலு சொல்லையும் பார்த்தார். மறுபடி பார்த்தார்.

“இல்ல.”

“அப்ப இழுக்கிறது யாரு?”

அவர் விரல் கோடு போட்ட சொல்லுக்கே திரும்பிப் போனது.

“சரி. வண்டி குகைப்பாதைக்குள்ள போனா இங்கிலீஷ்ல எப்படிச் சொல்லுவீங்க?”

“த்ரூ த டனல்.”

“உள்ளயே நின்னுருமா?”

“ஏன் நிக்குது? அந்தப் பக்கம் வெளிய...”

சாக்பீஸ் கீழே விழுந்தது. அவர் ஆஸ்பத்திரியைப் பார்த்துத் தெருவில் ஓடிக்கொண்டிருந்தார்.

கையெழுத்துப் போடவில்லை.

ஆறாம் நாள் காலையில் மெஷினைக் கழற்றினார்கள். வேலம்மாள் தானாக மூச்சு விட்டாள். தண்ணீர் கேட்டாள். இரண்டு வாய் குடித்துவிட்டுத் தூங்கிப்போனாள்.

தம்பிக்காரன் கட்டிலருகே கைகூப்பி நின்றான்.

“எந்தச் சாமி, அத்தான், எங்க அக்காவைக் கொண்டுவந்து சேத்துச்சு?”

மந்திரமூர்த்தி மனைவியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“இந்தா படுத்திருக்கா, பாரு.”